நோன்பும் எலும்பும்

என் நாட்குறிப்பில் நோன்பு மாதத்துக்கு முந்திய ஷஃபான் மாதத்துச் செவ்வாய்க்கிழமைப் பதிவு இது: கல்முனையிலிருந்து மட்டக்களப்பு போகும் பஸ். முன் இருக்கையில் இரு பெண்கள். ஒருத்தியின் மடியில், காலில் பிளாஸ்டர் போட்ட சிறுமி.

“இவள் வயித்துல இரிக்கக்குள்ள நோன்பு புடிச்சன் மச்சி. அதாலதான் எலும்பு சும்மா சும்மா முறியுது,” என்றாள் தாய்.

“அப்ப அந்த வருசம் ஊர்ல புறந்த புள்ளயெல்லாம் முறிஞ்சிரிக்கணுமே மதினி!” என்றாள் மற்றவள். கையில் உயிரியல் பாடநூல். “செல் ரெண்டாகக்குள்ள உள்ள இரிக்கிற டிஎன்ஏ, ஏணிய நெடுக்காப் பிளந்த மாதிரிப் பிளக்கும். ஒவ்வொரு பாதியும் தனக்குப் புதுச் சோடி கட்டும். நோன்பு ராவையில தராவீஹ் தொழுகக்குள்ள, குர்ஆன மனப்பாடமா ஓதுற ஹாபிழ் பிழையா ஓதினா பின்னால நிக்கிற ஹாபிழ் திருத்துவாரே, அப்பிடி அங்கயும் திருத்துற ஒண்டு இரிக்கி.”

“பொறகு எப்பிடிப் பிழ வந்த?”

“டிஎன்ஏல கோடிக்கணக்கான எழுத்து. எப்பயாவது ஒண்டு தப்பிரும். எலும்புக்குரிய இந்த எழுத்து இவள் உண்டாக முந்தியே தப்பினது.”

“அப்ப நான் செஞ்சதால இல்லயா?”

“இல்ல.”

“டாக்டர் சொன்னதா, நீ சொல்றதா?”

“டாக்டர்தான் சொன்ன.”

தாய் முந்தானையால் கண்களைத் துடைத்தாள். மற்றவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டாக்டர் அப்படிச் சொன்னாரா என்பது உறுதிசெய்யப்படவில்லை.