உள்ளிருந்து திறக்கும் கைப்பிடி

இந்த அறையின் ஏர்கானைக் கொஞ்சம் குறைக்கச் சொல்ல முடியுமா, இன்ஸ்பெக்டர்? எனக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது. அலுவலகத்தில் என் நாற்காலி முதுகில் எப்போதும் ஒரு ஸ்வெட்டர் தொங்கும். அதை வைத்தே என்னை எல்லோரும் கேலி செய்வார்கள்.

தமிழில் சொல்லலாமா என்று கேட்டேன். "எங்க வீட்லயும் தமிழ்தான் சார், சொல்லுங்க" என்றீர்கள். அது பெரிய உதவி, ஃபர்சானா மேடம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஆங்கிலத்தில் வரைவு எழுதியே கை தேய்ந்தவன் நான். ஒரு தடவையாவது ஒரு விஷயத்தை என் மொழியில் முழுசாகச் சொல்லி முடிக்க வேண்டும். ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் அழுவேன், கையெடுத்துக் கும்பிடுவேன் என்று காத்திருக்காதீர்கள். அதற்கெல்லாம் வேறு ஆளைப் பாருங்கள்.

என் பெயர் மிதுனன், அப்பா பெயர் அம்பலவாணர். வீடு தோ பாயோ அடுக்குமாடிப் பேட்டையில். கடைகளிலும் சமையற்கூடங்களிலும் உள்ள கருவிகளுக்கு விதிமுறை எழுதும் அரசு அலுவலகத்தில் துணை இயக்குநர். இருந்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

விதிமுறை என்றால் மக்கள் என்ன நினைக்கிறார்கள்? யாரோ ஒரு பெரிய மனுஷன் காலையில் எழுந்து காப்பியைக் குடித்துவிட்டு, இன்றுமுதல் இப்படித்தான் என்று எழுதிவிடுகிறார் என்று. அப்படியெல்லாம் நடக்காது. என்ன பிரச்சினை என்று முதலில் எழுத வேண்டும். அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். கடைக்காரர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, வடையும் டீயும் கொடுத்து, அவர்கள் புலம்புவதைக் கேட்க வேண்டும். வரைவை இணையத்தில் போட்டால் ஊரே வந்து திட்டும். ஒவ்வொரு திட்டுக்கும் மரியாதையாகப் பதில் எழுத வேண்டும். அதன்பிறகு பரிசீலனைக் குழு. அது தலையசைத்தால்தான் அரசிதழில் வரும். எவ்வளவு அழகான ஏற்பாடு பாருங்கள். எந்தத் தனி ஆளின் ஆசாபாசமும் உள்ளே நுழைய முடியாது. இதில் நம்பிக்கை இல்லாதவன் இந்த வேலைக்கே வரக்கூடாது.

நான் கேட்டது ஒரு கைப்பிடி. இறைச்சிக் கடை, மீன் கடை, கேக் கடையிலெல்லாம் ஓர் ஆள் உள்ளே போய் நிற்கும் அளவுக்குக் குளிர் அறை இருக்கிறது இல்லையா? அதன் கதவு சாத்திக்கொண்டால் உள்ளிருந்து தள்ளித் திறக்க ஒரு கைப்பிடி. கூடவே, அழுத்தினால் வெளியே கேட்கிற ஒரு மணி. இரண்டையும் கட்டாயமாக்க வேண்டும். இவ்வளவுதான்.

மாசிலாமணி எங்கள் பரிசீலனைக் குழுவின் தலைவர். நல்ல மனிதர், வாய் மட்டும் சும்மா இருக்காது. முதல் முறை நான் கொண்டுபோனபோது தாளைக்கூடப் புரட்டவில்லை.

"கேஸ் இருக்கா, மிதுனன்?" என்றார்.

"சாவு எதுவும் இல்ல சார். ஆனா மாட்டிக்கிட்டுத் தப்பிச்சவங்க நெறைய பேர் இருக்காங்க. நியர் மிஸ்."

"நியர் மிஸ்ஸுன்னா ஒண்ணும் ஆகலைன்னுதான அர்த்தம் லா? கேஸ் இருந்தா கொண்டாங்க, பாப்போம்."

அடுத்த முறை கடைக்காரர்கள் சங்கம் செலவைச் சொல்லி ஒப்பாரி வைத்தது. மூன்றாம் முறை நான் வாயைத் திறக்கும் முன்பே மாசிலாமணி மற்றவர்களைப் பார்த்து, "வருஷா வருஷம் தீபாவளி வருது, மிதுனனோட ஹேண்டிலும் வந்துருது. சாருக்குக் குளிரு ஆகாது, அதான்" என்றார். மேசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது? என் பிரிவில் வேலை பார்க்கும் ஆரபி மட்டும் சிரிக்கவில்லை. வெளியே வந்ததும், "சார், ஒருத்தர் செத்தாத்தான் கவுன்ட் பண்ணுவாங்களா? நான் நியர் மிஸ் எல்லாத்தையும் திரும்ப கலெக்ட் பண்றேன்" என்றாள். பண்ணு என்றேன். சின்னப் பெண், நம்பிக்கையோடு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மாசிலாமணி கேட்டதை நினைவில் வையுங்கள். கேஸ் கேட்டது நான் இல்லை.

ஃபேரர் பார்க் பக்கத்தில், சந்துக்குள் ரகுபதியின் இறைச்சிக் கடை. கருத்துக் கேட்கப் போன இடங்களில் அதுவும் ஒன்று. முன்பக்கம் கடை, பின்பக்கம் குளிர் அறை. அதன் கதவு நேராகப் பின் சந்தில்தான் திறக்கும். ரத்னவேல் அங்கே வேலை செய்தார். பட்டுக்கோட்டைப் பக்கத்து ஆள், முப்பத்துச் சொச்சம் வயசு. வாய் ஓயாத மனிதர். எந்நேரமும் ஏதாவது பாடிக்கொண்டே பெட்டி தூக்குவார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதை நீங்கள் குறைத்து எழுத வேண்டாம்.

கதவின் உள்பக்கக் குமிழ் எப்போதோ உடைந்து விழுந்துவிட்டது. அந்த ஓட்டையில் ஒரு ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினால் தாழ் விலகும். அதை ராஃபியா என்கிற பிளாஸ்டிக் கயிற்றில் கட்டி, கதவோரத்து அலமாரிக் காலில் தொங்கவிட்டிருந்தார்.

"இதான் சார் நம்ம ரிலீஸ் ஹேண்டிலு. எப்படி?" என்றார், பல்லெல்லாம் தெரிய.

"முதலாளிகிட்ட சொல்லலையா?"

"சொல்லியாச்சு சார். நாளைக்குங்குறாரு. எங்க முதலாளிக்கு நாளைக்குன்னா அடுத்த வருஷம்." பிறகு கொஞ்சம் தயங்கி, "உங்க ரூலு வந்துட்டா அவரு போட்டுத்தான ஆவணும்? என் வேல பெர்மிட் முடிஞ்சு ஊருக்குப் போறதுக்குள்ள வந்துருமா சார்?" என்று கேட்டார்.

வந்துவிடும் என்றேன். வந்தது. சொன்ன சொல்லை நான் காப்பாற்றியிருக்கிறேன்.

போன தீபாவளியன்று ரகுபதி மதியம்வரை கடை திறந்திருந்தார். அதன்பிறகு இரண்டு நாள் லீவு. ரத்னவேல்தான் என்னை வரச் சொல்லியிருந்தார். "பன்னெண்டு மணிக்கு மேல பின்பக்கமா வாங்க சார். முதலாளி கெளம்பிருவாரு. நல்ல தொடைக்கறியா உங்களுக்கு எடுத்து வெக்கிறேன்." நான் போனபோது முன்பக்கம் ஷட்டர் இறங்கியிருந்தது. சிராங்கூன் சாலையே பாட்டும் கூட்டமுமாக இரைந்துகொண்டிருந்தது. பின் சந்தில் ஓர் ஈ காக்கை இல்லை. ரத்னவேல் புதுச் சட்டை போட்டிருந்தார். போனைக் கடைக்குள் சார்ஜில் போட்டிருப்பதாகவும், என்னை அனுப்பிவிட்டு ஊருக்குப் பேசப்போவதாகவும் சொன்னார். "மக மத்தாப்பு கொளுத்துறதக் காட்டுறேன்னுச்சு சார்." சாத்திக்கொள்ளாமல் இருக்கக் கதவுக்கு ஓர் எண்ணெய் டின்னை முட்டுக்கொடுத்துவிட்டு, எனக்கு எடுத்துவைத்த பொட்டலத்தை எடுக்க உள்ளே போனார்.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது என்று நேற்று உங்களிடம் சொன்னேன். அது சரியில்லை, திருத்திக்கொள்ளுங்கள். அவர் கடைசி அலமாரிப் பக்கம் திரும்பியபோது நான் கையை நீட்டி ஸ்க்ரூடிரைவரைக் கயிற்றோடு உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பிறகு டின்னைக் காலால் நகர்த்தினேன். டின் லேசாகத்தான் இருந்தது.

உள்ளேயிருந்து முதலில் சிரிப்புத்தான் வந்தது. "சார், காத்துல சாத்திக்கிச்சு. வெளிய இருந்து இழுங்க சார்" என்றார். தடித்த கதவு, காதை வைத்தால்தான் வார்த்தை புரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "சார், நிக்கிறீங்களா, போயிட்டீங்களா?" என்றார். நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். பிறகு தட்ட ஆரம்பித்தார்.

முகத்தைச் சுளிக்கிறீர்கள். சுளியுங்கள். ஆனால் மீதியையும் கேளுங்கள்.

கடை திறந்த அன்று ரகுபதி அவரைக் கண்டெடுத்தார். செய்தியில் வந்தது. மாசிலாமணி மறுநாளே என்னைக் கூப்பிட்டார். முகம் செத்திருந்தது. "மிதுனன், உங்க பேப்பரை எடுங்க. அர்ஜென்ட்" என்றார். அத்தனை வருஷம் நகராத தேர், யாரும் வடம் பிடிக்காமலே ஓடியது. கடைக்காரர்கள் சங்கம் மூச்சுவிடவில்லை. இணையத்தில் ஒருவரும் திட்டவில்லை. வரைவின் தொடக்கத்திலேயே எழுதினேன்: ஒரு தொழிலாளி இறந்திருக்கிறார். குழுவில் எல்லோரும் எழுந்து நின்று மௌனம் காத்தார்கள். நானும் நின்றேன். உண்மையாகத்தான் நின்றேன்.

இன்றைக்கு இந்தத் தீவில் எந்தக் குளிர் அறைக்குள் போனாலும் பச்சை நிறத்தில் என் கைப்பிடி இருக்கும். மார்ச் மாதம் உட்லண்ட்ஸில் ஒரு கேக் கடையில் இளமதி என்ற பெண் உள்ளே மாட்டிக்கொண்டாள். தினமும் ஜொகூரிலிருந்து பாலம் தாண்டி வேலைக்கு வரும் பிள்ளை. கைப்பிடியைத் தள்ளினாள், வெளியே வந்தாள், அவ்வளவுதான். நான் அந்தக் கடைக்குப் போய் ஒரு பாண்டான் கேக் வாங்கினேன். யாரென்று சொல்லவில்லை. பேச்சுக் கொடுத்ததும் அவளே சொன்னாள்: "நல்லவேளை அது இருந்துச்சு லா அங்கிள். இல்லாட்டி நான் ஐஸ் கேக்கு ஆயிருப்பேன்." சிரித்துக்கொண்டே கேக்கைப் பெட்டியில் வைத்துக் கட்டிக் கொடுத்தாள். அவளைக் கூப்பிட்டுக் கேளுங்கள், உயிரோடு இருப்பது எப்படி இருக்கிறது என்று. ரத்னவேலின் மனைவியைப் பற்றி மட்டும்தான் எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள். இளமதியின் அம்மாவைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

என்னைத் தூக்கில் போடுவீர்கள், தெரியும். போடுங்கள். ஆனால் அந்தக் கைப்பிடியை ஒரு கதவிலிருந்தும் கழற்ற மாட்டீர்கள். அது சரியானது என்று உங்களுக்கே தெரியும்.

இனி, அன்று எனக்கு வந்த போன் அழைப்பைப் பற்றிக் கேட்டீர்களே. ஆரபி தீபாவளி வாழ்த்துச் சொல்ல அழைத்தாள் என்று நேற்றுச் சொன்னேன். அவள்தான் உங்களிடம் வந்திருக்கிறாள் என்பதால் இனி மறைத்துப் பயனில்லை. நான் பின் சந்தில் நின்றிருந்தேன். ரத்னவேல் தட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அழைத்தாள்.

"ஹாப்பி தீபாவளி சார். ஏன் நீங்க வரல? மாசிலாமணி சார் வீட்டு ஓப்பன் ஹவுஸ் விருந்துல எல்லாரும் இருக்கோம். ஐயோ, சார், அது என்ன சத்தம், டமடமன்னு?"

"பக்கத்துல ரெனவேஷன்" என்றேன்.

நான் செய்த தவறு என்று ஒப்புக்கொள்வது அந்த ஒன்றைத்தான். பொது விடுமுறையில் வீட்டை இடித்துப் புதுப்பிக்கும் ரெனவேஷன் சத்தம் கூடாது என்பது விதி. இந்த ஊரில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் குழந்தைக்குக்கூட அது தெரியும். விதிமுறை எழுதுகிறவன் போயும் போயும் அதைச் சொன்னேன். "தீபாவளி அன்னைக்கா?" என்று சிரித்தாள். அப்போதைக்கு விட்டுவிட்டாள். இந்த வருஷம் ரத்னவேலின் கோப்பை மறுபடி படித்தபோது அது நினைவுக்கு வந்திருக்கிறது. கெட்டிக்காரி. நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அவள் அழைத்தது வாழ்த்துச் சொல்ல இல்லை. அதையும் உங்களிடம் சொல்லியிருப்பாள். "சார், ஒரு குட் நியூஸ். நம்ம ஹேண்டில் பாஸ் சார். மாசிலாமணி சார் என் நியர் மிஸ் பேப்பரைப் படிச்சாராம். இப்பதான் எல்லார் முன்னாடியும் சொன்னாரு, கேஸ் எல்லாம் வேணாம், இதுவே போதும், அடுத்த வாரம் சைன் பண்றேன்னு. என் பேர்லயே ப்ரொப்போஸ் பண்ணச் சொல்றாரு."

வாழ்த்துகள் என்றேன். போனைப் பையில் போட்டேன். விரலில் ஸ்க்ரூடிரைவர் பட்டது. வெளித்தாழ் என் இடுப்பு உயரத்தில், கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருந்தது. தட்டுவது இன்னும் நிற்கவில்லை.

ஏன் திறக்கவில்லை என்று கேட்கிறீர்கள். முறுக்கை மென்றுகொண்டே ஒருவர் சொல்லும் சம்மதம் ஒரு சம்மதமா, மேடம்? இவ்வளவு அழகான ஏற்பாடு இருக்கும்போது, கூடத்தில் உட்கார்ந்து பலகாரம் தின்றுகொண்டா ஒரு விதிமுறையை முடிவு செய்வது? அடுத்த வாரம் மறந்துவிடுவார். சங்கத்துக்காரன் ஒருவன் போய்க் கண்ணைக் கசக்கினால் பின்வாங்கிவிடுவார். கேஸ் இருந்தால் யாரும் பின்வாங்க முடியாது. அதனால்தான்.

ஆரபி சொன்னபடியே நடந்திருந்தாலும் அதே கைப்பிடிதானே வந்திருக்கும், அந்த மனுஷனும் வீட்டுக்குப் போயிருப்பாரே என்று கேட்கிறீர்கள். வந்திருக்கலாம். போயிருக்கலாம். ஆனால் அத்தனை வருஷமும் அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்து சிரித்தார்களே, அவர்கள் சிரித்தது அவளைப் பார்த்து இல்லை.

கோப்பை எடுத்துப் பாருங்கள். முன்மொழிந்தவர் என்ற இடத்தில் என் பெயர்தான் இருக்கிறது.