கலக்கக் கூடாத இடம்

சோறும் குழம்பும் தட்டில் ஒன்றோடொன்று ஓடிக் கலப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. தனித்தனிக் கிண்ணத்தில்தான் சாப்பிடுவேன். பாயான் லெப்பாஸில் எங்கள் தொழிற்சாலை கேண்டீனில் இதற்காக என்னைக் கிண்டல் செய்வார்கள். அர்ஜுனன்தான் அதிகம் செய்வான். அவன் எல்லாவற்றையும் ஒரே தட்டில் கொட்டி, மணிக்கட்டு வரை வழியப் பிசைவான். பிறகு விரல்களை ஒவ்வொன்றாகச் சப்புவான். அதைப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்காது.

இதை வைத்து அவன்மேல் எனக்கு வன்மம் என்று எழுதிவிடாதீர்கள், சார். எங்களுக்குள் இருந்தது ஒலி சம்பந்தமான கருத்து வேறுபாடு மட்டும்தான். இருவரும் ஒரே பரிசோதனைப் பிரிவு, ஒரே படிப்பு. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைச் சாலையில் எங்கள் தொழிற்சாலைத் தமிழர்கள் போடும் தண்ணீர்ப் பந்தலுக்கு நாங்கள்தான் ஒலிபெருக்கி கட்டுவோம். என் தங்கை அருந்ததி அங்கே மோர் ஊற்ற வருவாள். அவளை அவனுக்கு அறிமுகம் செய்தவனே நான்தான்.

இந்த வருடம் டிஜிட்டல் கிராஸ்ஓவர் ஒன்று வாங்கினோம். பாட்டின் கனத்த ஒலியைப் பெரிய பெட்டிக்கும், கூர்மையான ஒலியைக் கூம்பு ஹாரனுக்கும் பிரித்து அனுப்புகிற கருவி. எவ்வளவு கறாராகப் பிரிப்பது என்பதை நாமே தேர்ந்தெடுக்கலாம். சரிவான ஃபில்டர் என்றால், எல்லையில் பெட்டியும் ஹாரனும் கொஞ்ச தூரம் ஒரே சுரத்தைச் சேர்ந்து பாடும். செங்குத்தான ஃபில்டர் என்றால், வெட்டினால் வெட்டியதுதான். நான் செங்குத்தானதைத் தேர்ந்தெடுத்தேன். சுத்தமாக இருக்கும்.

"அப்படி வெட்டுனா நாதஸ்வரம் மேல ஏறும்போது ஆள் மாறுன மாதிரி இருக்கும் அண்ணே. கொஞ்சம் கலக்கட்டும்லா," என்றான் அர்ஜுனன்.

பூசத்துக்கு இரண்டு நாள் முன்பு பந்தலில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். பருப்பு வடை தின்ற கையாலேயே பட்டனை அழுத்தினான். அவனுடைய ஃபில்டர் ஓடும்போது அருந்ததி டம்ளர்களைக் கழுவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"இப்பத்தான் ஒரே ஆள் வாசிக்கிற மாதிரி இருக்கு," என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

அவன் கடித்த வடையின் மீதியை அவளிடம் நீட்டினான். அவன் பல் பட்ட இடம் ஈரமாக இருந்தது. அவள் வாங்கி, அந்த இடத்திலேயே கடித்தாள். பூசம் முடிந்ததும் பதிவுத் திருமணம் செய்துகொள்ளப் போவதாக அப்போதுதான் இருவரும் சொன்னார்கள். நல்லது என்றேன். அவர்கள் போன பிறகு கருவியின் பட்டன்களை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன்.

எங்கள் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வேயில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, வந்தவர். அவன் தாத்தா எந்தத் தோட்டத்துக்குக் கூலியாக வந்தார் என்று நான் கேட்டதில்லை. இதற்கும் ஒலிக்கும் சம்பந்தமில்லை.

அவனிடம் ஒரு பழக்கம் உண்டு. ஹாரன்களைக் கம்பத்தில் ஏற்றுமுன் இரண்டையும் எதிரெதிரே வைத்து, நடுவில் தலையைக் கொடுத்து, பாட்டு இல்லாதபோதும் வரும் மெல்லிய சீறல் இரண்டிலும் ஒன்றுபோல இருக்கிறதா என்று கண்ணை மூடிக் கேட்பான். காது ஹாரனின் வாய்க்குள்ளேயே இருக்கும். மறுநாள் மதியமும் அப்படித்தான் மண்டியிட்டான்.

"வாய மூடி வச்சிருக்கீங்கதானே அண்ணே?" என்று கேட்டான். ஒலி வெளியே வராமல் அடைக்கும் பட்டனை அப்படித்தான் சொல்வோம்.

மூடியிருக்கிறது என்றேன். அது உண்மை. உள்ளே சோதனை ஒலி முழு அளவில் ஓடிக்கொண்டிருந்தது. ஒலி அதிகமானால் அடக்கும் பாதுகாப்பைக் காலையிலேயே எடுத்துவிட்டேன். செங்குத்தான ஃபில்டரைத்தான் போட்டிருந்தேன். கனத்த ஒலி ஒரு துளிகூடக் கலக்காமல், சுத்தமான கூர்மை மட்டும் போயிற்று. அவன் கண்ணை மூடும்வரை காத்திருந்து திறந்தேன். தலையை இழுக்கப் பார்த்து, இரண்டு விளிம்புக்கும் இடையில் மாட்டிக்கொண்டான். நான் அவசரப்பட்டு மூடவில்லை.

நீங்கள் விபத்து என்று எழுதியிருக்கிறீர்கள். கை தவறிப் பட்டன் பட்டுவிட்டதாம். என் கை தவறாது, சார். அதைத் திருத்தத்தான் நானே வந்தேன். அவனுக்கு இரண்டு காதும் இனி கேட்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நல்ல ஒலிக்கும் அவனுக்கும் இருந்த தகராறு அதோடு முடிந்தது. காது கேட்காதவனிடம் ஒரு பெண் எத்தனை காலம் பேசிக்கொண்டிருப்பாள் என்றும் யோசித்து வைத்திருந்தேன்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவன் ஆரஞ்சு தின்றுகொண்டிருந்தான், சாறு முழங்கைக்கு வழிந்தது. அருந்ததி அந்தக் கையைப் பிடித்து விரித்து, பிசுபிசுத்த உள்ளங்கையில் தன் விரலால் எழுத்து எழுத்தாக எழுதினாள். எழுத அங்கே காகிதம் இல்லாமல் இல்லை. அவன் படித்துவிட்டுச் சிரித்தான். அவள் எழுதிய விரலைத் தன் வாயில் வைத்துச் சாற்றைச் சப்பினாள்.

கையெழுத்துப் போடுகிறேன், சார். எங்கே வேண்டுமானாலும் கூட்டிப் போங்கள். அதற்கு முன் யாரையாவது ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, அவன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடச் சொல்லுங்கள்.