முதல் டிஸ்க்

"ஹலோ… மச்சான், கேக்குதா?… ஆமாம், ஆஸ்பத்திரிலதான். உங்கப்பா பக்கத்துல உக்காந்திருக்காரு… டாக்டர் அந்தப் பழைய ஸ்கேன் படத்தைக் கேக்கறாரு. கட்டி வளந்திருக்கா, அப்படியே இருக்கான்னு அதோட ஒத்துப் பாத்தாத்தான் தெரியுமாம். இல்லேன்னா தலையைத் திறக்கணும்கறாரு… நம்ம ஸ்கேன் சென்டர்ல எடுத்ததுதானே, சர்வர்லேர்ந்து அனுப்பு… நின்னு போச்சா? ஏன்?… இன்னிக்கேவா அதோட சிஸ்டத்தை மாத்தறே? ஞாயித்துக்கிழமை நான் வந்து பண்றேன்னு சொன்னேனே."

மாமனார் நிமிர்ந்து பார்த்தார். அவன் குரலைத் தணித்துக்கொண்டான்.

"சரி, சரி, விடு. எந்த லினக்ஸ் போட்டே?… டெபியன். அதுலயாவது பேச்சைக் கேட்டியே. சர்வருக்கு மினுக்கறது எதுக்கு, மாடா உழைச்சாப் போதும்… ஆமாம், ஆமாம், கறுப்புத் திரையே போதும். நீ என்ன, அதுல சினிமாவா பாக்கப் போறே?"

சிரித்தான். காரணம் தெரியாமலேயே மாமனாரும் சிரித்தார்.

"எந்த டிஸ்க்ல போட்டே?… முதல் டிஸ்க், சரி. படமெல்லாம் ரெண்டாவதுலதான்… என்னது, தூசி தட்டினியா?… வயரெல்லாம் கழட்டி மாட்டினே… அதது இருந்த இடத்துலயே மாட்டினியா?… தெரியாதுன்னா எப்படி? எது முதல்ல மாட்டிருக்கோ அதைத்தான் அது முதல் டிஸ்க்குங்கும்… இரு, பதறாதே. நீ போட்டியே, அந்த டிஸ்க் சைஸ் என்ன காட்டிச்சு?"

பதில் வந்தது. அவன் எழுந்து சுவர்ப் பக்கம் போனான்.

"இன்னொரு தடவை சொல்லு… நாலு டெரா. அது பெருசுடா மச்சான், படமெல்லாம் இருக்கறது. லினக்ஸ் போடற டிஸ்க் சின்னது… ம்… ம்… தெரியும், நகல் டிஸ்க் போன மாசமே செத்துப்போச்சு… என்ன சத்தம் அது, பின்னாடி?… ட்யூனிங்கா? என்ன ட்யூனிங்?… வேகம் பாக்கறதுக்கு டிஸ்க் முழுக்க எழுதிப் பாக்கறியா… இப்ப ஓடிட்டிருக்கா? பிடுங்கு. கரன்ட் வயரைப் பிடுங்கு. பேசாதே, பிடுங்கு."

காத்திருந்தான். மறுமுனையில் சர்வர் மின்விசிறிகளின் இரைச்சல் தேய்ந்து நின்றது.

"எவ்ளோ தூரம் எழுதிச்சு?… கால்வாசி… இல்ல, முக்கால்வாசி மிஞ்சிருக்குன்னு சொல்லாதே. பழைய படமெல்லாம் முன்னாடிதான் இருந்துச்சு. எழுதறதும் முன்னாடிலேர்ந்துதான்… தெரியல மச்சான். மீட்கற ஆளுங்க இருக்காங்க, ஆனா எழுதினதுக்கு மேல எழுதினா… அழாதே. அவருக்குக் கேக்கும்."

டாக்டரின் அறைக் கதவு திறந்தது. நர்ஸ் மாமனாரைப் பார்த்துத் தலையசைத்தாள்.

"கூப்பிடறாங்க… நான் என்னன்னு சொல்லட்டும்?… இரு, உங்கப்பா கையை நீட்டறாரு. உள்ள போறதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒரு வார்த்தை பேசணுமாம். குடுக்கறேன், சாதாரணமாப் பேசு."

மாமனார் போனைக் காதில் வைத்துக்கொண்டார்.

"ஹலோ… தம்பி?… ஹலோ…"

போனை அவனிடமே நீட்டினார்.

"கட் பண்ணிட்டான் மாப்ள. வேலையா இருக்கானாட்டம்."