ரெண்டு குத்து விழுந்த சீட்டு

— மணி ரெண்டரை ஆச்சு, பெருமாயி. இன்னும் குச்சிக்கெழங்கு உரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கற?

— உரிக்காட்டி ராத்திரிக்கு எதத் திம்பீங்க?

— அதில்ல புள்ள... மூணு மணிக்கு மகளிர் குழுக் கூட்டமில்ல? உன்னயத்தான இன்னைக்குத் தலைவியா எடுக்கறாங்க?

— நான் போகலீங்க.

— ஏன்? ஒடம்புக்கு முடியலயா?

— ஒடம்பு நல்லாத்தான் இருக்குது. பாவாயிய எடுத்துக்கட்டும்.

— பாவாயியா! அவளுக்குக் கையெழுத்தே வராதே!

— வராட்டி என்னங்க... ஓட்டுச் சீட்டுல ஒழுங்கா ஒரு குத்துக் குத்தத் தெரிஞ்சவளாச்சே.

— யாரு... யாரு உங்கிட்டச் சொன்னது?

— காலையில குழாயடியில அதே சிரிப்புத்தானுங்க. நேத்து செம்மேட்டுல ஓட்டு எண்ணுறப்ப ஆபீசரு ஒரு சீட்டத் தூக்கிக் காட்டுனாராமா. ஊர்க்கவுண்டரு பூட்டுச் சின்னத்துலயும் ஒரு குத்து, உங்க ஏணியிலயும் ஒரு குத்து. செல்லாதுன்னாராமா.

— ஆமா... காட்டுனாரு.

— "ஏப்பா செங்கோடா, அறிவொளி வகுப்புல மூணு வருசம் பாடம் நடத்துனயே, இது எந்தப் புள்ளைக்கு ஏறல?"ன்னு ஒருத்தரு கேட்டாராமா. நீங்க சிரிச்சுக்கிட்டே, "எங்கூட்டுக்காரியாத்தான் இருக்கும்"னீங்களாமா.

— அது... சும்மா வெளையாட்டுக்குச் சொன்னது.

— எத்தன பேரு இருந்தாங்க, வெளையாட்டுக்கு?

— ஒரு முப்பது பேரு...

— முப்பது பேரு முன்னாடி வெளையாட்டு.

— எல்லாரும் என்னயப் பாத்துச் சிரிச்சாங்க புள்ள. எம்பத்தி நாலு ஓட்டுல பூட்டுக்கு எம்பத்தி ரெண்டு. செல்லாதது ஒண்ணு. ஏணிக்கு ஒண்ணே ஒண்ணு! மெம்பருக்கு நின்னவனுக்கு ஒத்த ஓட்டு! எதையாவது சொல்லிட்டுத்தான அங்கிருந்து வரணும்?

— அந்த எதையாவதுக்கு நாந்தான் கெடச்சேனாக்கும்.

— நீ குழாயடியில "நானில்ல"ன்னு சொல்லிட்டு வந்திருக்க வேண்டியதுதான?

— "ஆமா, நாந்தான்"னு சொல்லிட்டேன்.

— என்னது!

— "கை தவறி ரெண்டுலயும் குத்திட்டேன்"னேன். பாவாயி கொடத்தக் கீழ வெச்சுட்டுச் சிரிச்சா. "சீட்டுல குத்தத் தெரியாதவளயா தலைவி ஆக்கறது?"ன்னு இன்னொருத்தி கேட்டா. கேக்கத்தான செய்வாங்க.

— நீ எதுக்கு ஆமான்ன?

— நீங்க எதுக்கு என்னயச் சொன்னீங்க? அந்த மொறத்த இப்பிடித் தள்ளுங்க.

— இந்தா... பெருமாயி, கோவமா?

— கோவமில்லீங்க. ஒரு சந்தேகம்.

— கேளு.

— வகுப்புல ஆட்சி ஆட்சியா போர்டுல எழுதிப் போட்டீங்களே. அப்பன் போனா மவன் வந்து உக்காந்துக்கறது...

— மன்னராட்சி.

— ஒருத்தரே எல்லாரையும் மெரட்டி வெச்சுக்கறது...

— சர்வாதிகாரம்.

— எல்லாரும் ஓட்டுப் போட்டு ஆள எடுக்கறது?

— மக்களாட்சி. இப்ப எதுக்கு இதெல்லாம்?

— ஒருத்தரு பண்ணுனத ஊட்டுல இருக்கற இன்னொருத்தரு தலையில தூக்கி வெக்கறது எந்த ஆட்சிங்க? அத நீங்க எழுதுன ஞாபகமில்ல.

— யாரோ... யாரோ குத்துனதுக்கு நான் என்ன பண்ணுவேன்?

— அதுஞ்சரி. எம்பத்தி நாலு பேருல யாரோ. இதே கெழங்குல அச்சு செதுக்கி, அடுப்புக்கரி தடவி, பழைய பேப்பருல குத்தச் சொல்லிக் குடுத்தீங்க. "ஒரே குத்து. கோட்டுல படக்கூடாது. பக்கத்துச் சின்னத்துல படக்கூடாது." பல்லுப் போன கெழவிங்ககூடக் கத்துக்கிட்டாங்க.

— கத்துக்கிட்டு என்ன? அத்தன பேரும் பூட்டுலதான் குத்துனாங்க.

— அது அவங்க இஷ்டமுங்க. நீங்கதான அதயும் சொன்னீங்க?

— சொன்னேன்... சொன்னேன். எல்லாத்தயும் நாந்தான் சொன்னேன்.

— "தாத்தன் ஊர்க்கவுண்டன், அப்பன் ஊர்க்கவுண்டன், இவரும் ஊர்க்கவுண்டன். பஞ்சாயத்துலயும் இவரேவா? தொண்ணூத்தாறுல போட்டியே இல்லாம மெம்பரானாரு. இந்தத் தடவ ஒருத்தனாவது எதுத்து நிக்கோணும்"னு சொல்லிட்டுப் போயி மனுக் குடுத்தீங்க. அன்னைக்கு எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுங்களா?

— இப்ப இல்லயா?

— ஓட்டன்னைக்கு வரிசையில உங்களுக்கு நாலாளு பின்னாடி நின்னேனுங்க.

— அதுக்கென்ன?

— பள்ளிக்கூடத்துக்கு முன்னால சில்வர் ஓக்கு மரத்தடியில ஊர்க்கவுண்டரு நாற்காலி போட்டு உக்காந்திருந்தாரு.

— தெரியும். ஜன்னல்ல பாத்தாத் தெரியற தூரம்.

— அவரத் தாண்டறப்ப நீங்க தோள்ல கெடந்த துண்ட எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டீங்க.

— வேர்த்துச்சு புள்ள.

— ஐப்பசி மழையிலயா? எனக்குக் குளுருல பல்லு கிட்டிச்சுக்கிச்சு. உங்களுக்கு மட்டும் வேர்த்துச்சா? "அவரு முன்னாடி தோள்ல துண்டு இருக்கக் கூடாதுங்கறதெல்லாம் பழைய வழக்கம், இனி யாரும் எடுக்காதீங்க"ன்னு ஊடு ஊடாப் போயிச் சொன்னதாருங்க?

— நாந்தான். ஆனா எங்கையி எங்கப்பன் கையாட்டந்தான புள்ள... அதுவாப் போயிருச்சு. முடிச்சுப் போட்டப்பறந்தான் எனக்கே தெரிஞ்சுது.

— சரி. உள்ள போனப்பறம்?

— உள்ள... அது ரகசிய ஓட்டு. புருசன் பொண்டாட்டிகிட்டக்கூடச் சொல்லக் கூடாது.

— அதயும் எழுதிப் போட்டீங்க. ஞாபகமிருக்குது.

— அப்ப விடு.

— விட்டுட்டேனுங்க. கூட்டத்துக்கு ஊர்க்கவுண்டரும் வாராராமா. ஜெயிச்ச மெம்பரு, குழுவ வாழ்த்திப் பேசோணுமாமா. நான் போயி நின்னா அவரும் ஒரு சிரிப்புச் சிரிப்பாரு. சாவற வரைக்கும் இந்த ஊருல எனக்கு இதேதான் பேரு... குத்தத் தெரியாதவ. இருந்துட்டுப் போவுது.

— மொதல்ல ஏணியிலதான் குத்துனேன். சீட்ட மடிக்கப் போனேன். வெளிய அவரு இருமுற சத்தம் கேட்டுச்சு. எங்கப்பனுக்கு வயித்து வலி வந்தப்ப, கொட்டற மழையில ரோடு அடைச்சுக் கெடந்துச்சே... டோலி கட்டித் தூக்கறதுக்கு ஆளக் கூட்டியாந்ததே அவருதான். மலையடிவாரம் எறங்கி, பேளுக்குறிச்சி ஆசுபத்திரி வரைக்கும் கூடவே நடந்தாரு. அது நெனப்புக்கு வந்துச்சு. கையி மறுக்காப் போயி பூட்டுலயும் ஒண்ணு வெச்சுருச்சு.

— செல்லாதுன்னு தெரியாதுங்களா?

— ஊருக்கே சொல்லிக் குடுத்தவனுக்குத் தெரியாதா? தெரிஞ்சேதான் வெச்சேன். அவரயும் எதுக்க வேண்டாம், என்னயும் எதுக்க வேண்டாம்னு... கோழப்பய வேல. ஆபீசரு அந்தச் சீட்டத் தூக்குனப்ப ஊர்க்கவுண்டரு என்னய நேராப் பாத்தாரு. ஒடனே உம்பேரு வாயில வந்துருச்சு. வெக்கமா இருக்குது பெருமாயி. துண்ட எடுத்தது வெக்கந்தான். ஆனா உன்னயச் சொன்னது இருக்குதே... நேத்திருந்து சோறு எறங்கல.

— ராத்திரி நாலு துண்டுக் கெழங்கு எறங்குச்சு.

— கிண்டல் பண்ணாத புள்ள.

— சரி, அழுவாதீங்க. மூக்கத் தொடைங்க. துண்டு எதுக்கு இருக்குது?

— எந்திரி. நானும் வாரேன். கூட்டத்துல நானே சொல்லிடறேன்.

— ஊர்க்கவுண்டரு இருப்பாருங்க.

— இருக்கட்டும்... இரு, இரு, ஒரு நிமிசம். செருப்பப் போட்டுக்கறேன்.

— மெதுவாவே வாங்க.

— இல்ல, இன்னொண்ணும் இருக்குது. செல்லாத சீட்டு என்னுதுன்னு சொன்னா, "அப்ப ஏணிக்கு உழுந்த அந்த ஒத்த ஓட்டு யாருது?"ன்னு கேப்பாங்க. எனக்கே தெரியல புள்ள. கருப்பண்ணனா இருக்குமா, சின்னராசா இருக்குமான்னு ராத்திரியெல்லாம் ஒவ்வொரு மூஞ்சியா நெனச்சுப் பாத்தேன்.

— என்ற மூஞ்சி நெனப்புக்கு வரலீங்களா?

— நீயி ஊர்க்கவுண்டரு வகையறா. அவருக்கு ஒண்ணுவிட்ட தம்பி மக. நீ பூட்டுலதான் குத்திருப்ப... அதக் கொறையாச் சொல்லல, கண்ணு.

— குழாயடியில நான் "இல்ல"ன்னிருந்தா, அந்த ஒத்த ஓட்டு யாருதுன்னு அப்பவே கேட்டிருப்பாங்க. அது என்னுதுன்னு தெரிஞ்சா, அப்ப உங்க ஓட்டு எதுல உழுந்துச்சுன்னு தேடியிருப்பாங்க. அதனாலதான் ஆமான்னேன்.

— பெருமாயி... நீ என்ன சொல்ற?

— துண்டு தோள்லயே கெடக்கட்டும், வாங்க. யாருதுன்னு கேட்டா, "ஏணியில ஒரே குத்து, கோட்டுல படாமக் குத்துனவ இந்தா நிக்கறா"ன்னு என்னயக் காட்டுங்க.