மெர்ஜ் பண்ற நாள்

இல்ல மேடம், நான் ஒண்ணும் நழுவலை. கேள்வி நல்லாவே புரிஞ்சுது. ரூட் பாக்குறவங்களோட ஃபைல்ல எனக்கென்ன வேலைன்னு கேக்குறீங்க. சொல்றேன். அதுக்கு முன்னாடி நாங்க எப்படி வேலை பாக்குறோம்னு தெரியணும், இல்லேன்னா நான் என்ன சொன்னாலும் சப்பைக்கட்டு மாதிரித்தான் இருக்கும். கதவைச் சாத்திக்கவா? கண்ணாடி ரூம்தான், பாக்குறவங்க பாத்துட்டுப் போகட்டும். காதுல விழாம இருந்தா போதும்.

உங்க ஆம்புலன்ஸ் சர்வீஸுக்கு நாங்க எழுதித் தர்றது ஒரே புரோகிராம். ஃபோன் வந்ததும், எந்த இடத்துலேர்ந்து கூப்பிடுறாங்கன்னு கண்டுபிடிக்கிறது என் பாகம். அங்க எந்த வழியா போகணும்னு வண்டிக்குச் சொல்றது அந்த ரூட் பாக்குறவங்க பாகம். ஆளுக்கொரு காப்பி எடுத்துக்குவோம், அதைத்தான் பிராஞ்ச்னு சொல்றது. மாசம் பூரா அவங்கவங்க பிராஞ்ச்ல மாத்திக்கிட்டே இருப்போம். மாசக் கடைசியில எல்லாத்தையும் ஒண்ணாச் சேப்போம். அதான் மெர்ஜ். ஒரே வரியை ரெண்டு பேரு தொட்டிருந்தா மெஷின் திருதிருன்னு முழிக்கும், எதை வச்சுக்கட்டும்னு கேட்டு நின்னுடும். அப்ப அந்த ரெண்டு பேரும் ஒரே மெஷின் முன்னாடி உக்காந்து தீர்த்தாகணும். மெசேஜ்ல பேசிக்கிறதெல்லாம் செல்லாது. எங்க டீம் லீடு போட்ட சட்டம். அவரு போட்டதுலயே உருப்படியான சட்டம் அது ஒண்ணுதான்.

ஆமா, அவரேதான் இப்ப மாத்தணும்ங்கிறாரு. பிராஞ்ச்சை நாள்கணக்கா வச்சிருக்கக் கூடாது, அன்னன்னிக்கு எழுதுனதை அன்னன்னிக்கே சேத்துடணும், அப்ப மோதலே வராதுன்னு. ஊரே அப்படித்தான் பண்ணுதாம். உங்ககிட்டயும் படம் போட்டுக் காட்டியிருப்பாரே, அம்புக்குறியெல்லாம் வச்சு? நீங்களும் ரிப்போர்ட்ல அதையே எழுதப் போறீங்க, தெரியுது. நான் வேண்டாம்னுதான் சொன்னேன், இப்பவும் சொல்றேன். பாதி எழுதுனதை தினமும் கொண்டுபோய்க் கொட்டுனா அரைவேக்காடாத்தான் இருக்கும். இது என்ன விளையாட்டு ஆப்பா? உயிர் சம்பந்தப்பட்டது.

ம்... சரி. உயிர் சம்பந்தப்பட்டதுன்னு நான் சொல்லக்கூடாதுதான். வாபஸ் வாங்கிக்கிறேன்.

அன்னிக்கு நடந்தது எனக்கும் தெரியும் மேடம். வண்டி சரியான வீட்டுக்குத்தான் போச்சு, ஆனா பின்பக்கமாப் போயிடுச்சு. நடுவுல சுவரு. உள்ள மனுஷன் நெஞ்சைப் புடிச்சுட்டுக் கெடக்குறாரு, இந்தப் பக்கம் ஸ்ட்ரெச்சரோட ரெண்டு பேரு சுவத்தைப் பாத்துட்டு நிக்கிறாங்க. சுத்திக்கிட்டு வந்து தூக்கியிருக்காங்க. பொழைச்சுட்டாரு. பொழைச்சதுனாலதான் நீங்களும் இவ்வளவு தன்மையா பேசிட்டிருக்கீங்க. அந்த வீட்டம்மா ஆபீஸுக்கு ஃபோன் பண்ணாங்க, நான்தான் எடுத்தேன். திட்டவே இல்ல. ஏன் அப்படி ஆச்சுன்னு மட்டும் கேட்டாங்க.

வாசல் எந்தப் பக்கம்னு பாக்குற வரி அது. அவங்க அதைச் சரியாத்தான் எழுதியிருந்தாங்க. நான் என் பிராஞ்ச்ல அதுல கை வச்சேன். மெர்ஜ் அன்னிக்கு ரெண்டும் மோதுச்சு, உக்காந்து பாத்தோம், கடைசியில என்னோடதை வச்சுக்கலாம்னு ஆயிடுச்சு. அவங்களுக்கு அதுல அரை மனசுதான். நான் பேசிக்கிட்டே இருந்தேன், சரின்னுட்டாங்க.

எல்லா மாசமும் தொட்டிருக்கேனா? யாரு எப்ப எதை மாத்துனாங்கங்கிற ஹிஸ்டரியைப் பாத்துட்டீங்க. அப்ப அதை என்கிட்ட ஏன் கேக்குறீங்க? ...ஆமா. தொட்டிருக்கேன். எல்லாம் ஒண்ணுமில்லாத மாத்தம் மேடம். ரெண்டு வரியை மேல கீழ மாத்துறது, ஒரு பேரைச் சுருக்குறது, அவ்வளவுதான். புரோகிராமுக்கு அதனால லாபமும் இல்ல, நஷ்டமும் இல்ல. இந்தத் தடவைதான் கை தவறிப் போச்சு.

பொறாமையா? அவங்க மேலயா? நல்லாக் கேட்டீங்க. இந்த ஆபீஸ்ல அவங்க வேலையில குத்தம் சொல்ல இன்னும் ஆள் பொறக்கலை.

இருங்க, அதை எழுதாதீங்க. பேனாவைக் கொஞ்சம் வைங்க. கடைசியா மெர்ஜ் பட்டனை அமுக்குனது அவங்கதான், இல்லேங்கலை. அதுக்காக அவங்க பேரும் வருமா? ரெண்டு பேரும் பொறுப்புன்னு போடுவீங்களா? அது நியாயமில்ல. அவங்க பேரு அதுல வரக்கூடாது மேடம். எனக்கு என்ன வேணா பண்ணுங்க. தினமும் மெர்ஜ்னே எழுதிக்குங்க, நானே ஒத்துக்கிட்டதா எழுதுங்க, லீடு கூட சந்தோஷப்படுவாரு. அவரு சொல்றதும் சரிதான். அப்படி இருந்திருந்தா அந்த வரி மறுநாளே மாட்டியிருக்கும். அந்த வீட்டம்மா ஃபோன் வச்சதிலேர்ந்தே எனக்கு அது தெரியும். சும்மா வாய் வலிக்கப் பேசிட்டிருக்கேன்.

ஏன் தொட்டேன்னு சொல்லாம அவங்க பேரை எடுக்க முடியாதுங்கிறீங்க. ம்.

ஆபீஸ்ல யாரும் உங்ககிட்ட சொல்லலையா? எல்லாருக்கும் தெரியுமே. அவ எங்க அக்கா. கூடப் பொறந்தவ. எங்க அம்மா போனப்ப அவ ஆபீஸ் வேலையா வெளிநாட்டுல இருந்தா, ஃபிளைட் லேட்டு. சொந்தக்காரங்க எல்லாம் இன்னும் எவ்வளவு நேரம் வச்சிருக்கிறதுன்னு நெருக்குனாங்க, நான்தான் எடுத்துடலாம்னேன். அவ வந்து எறங்குறப்ப வீடு கழுவி விட்டிருந்துது. அதோட பேச்சை நிறுத்திட்டா. எதுத்த சீட்டுதான். என் தலைக்கு மேல பாத்து லீடுகிட்ட பேசுவா.

மெர்ஜ்ல மோதுனா மட்டும் நாற்காலியை இழுத்துட்டு வந்து என் பக்கத்துல உக்காருவா. அப்பவும் வேற பேச்சு கெடையாது. ஸ்க்ரீனைக் காட்டி, இது உன்னோடதா என்னோடதான்னு கேப்பா. நானும் ஒவ்வொரு வரியா, மெதுவா சொல்லுவேன்.