மோசடிப் புகாருக்கு மூன்றை அழுத்தவும்

மகள்: ஷ்ஷ்... பேசாதம்மா. மூணை அமுக்கியாச்சு. இப்ப ஆள் வருவாங்க.

அம்மா: ஆள் வர்றதுக்குள்ள எனக்குப் பல்லு கொட்டிடும். வெச்சுட்டு வந்து சாப்பிடு.

மகள்: உன் அக்கவுண்ட்ல இருந்து எவனோ போன் பில் கட்டிட்டு இருக்கான். உனக்கு சாப்பாடு முக்கியம்!

அம்மா: எவனோ எதுக்குடி கட்டப்போறான்... பேங்க்ல தப்பா எடுத்திருப்பாங்க.

மகள்: தப்புன்னா ஒரு தடவை நடக்கும். மாசாமாசமா நடக்கும்? நம்ம ரெண்டு போனுக்கும் நான்தான் ரீசார்ஜ் பண்றேன். அப்ப இந்த பில் யாரோடது?

அம்மா: என்னைக் கேட்டா? நான் பாட்டுக்கு லாட்ஜ் துணியை வாங்கிட்டு வந்து இஸ்திரி போட்டுட்டு இருக்கேன்...

மகள்: அந்த இஸ்திரிக் காசைத்தான் எவனோ பேசியே கரைக்கிறான்.

அம்மா: போன்ல பாட்டு நின்னுடுச்சு பாரு. கட் ஆயிடுச்சு போல. விடு, நாளைக்குப் பாத்துக்கலாம்.

மகள்: கட் ஆகலை. இரு, ஸ்பீக்கர்ல போடுறேன்.

கஸ்டமர் கேர்: வணக்கம். மோசடிப் புகார் பிரிவு. சொல்லுங்க மேடம்.

மகள்: எங்கம்மா அக்கவுண்ட்ல இருந்து உங்க கம்பெனிக்கு மாசாமாசம் பணம் போகுதுங்க. எங்க வீட்டுல பில் கட்டுற போனே கிடையாது.

கஸ்டமர் கேர்: அம்மா பக்கத்துல இருக்காங்களா?

மகள்: இருக்காங்க. அம்மா, பேசு.

அம்மா: ...இஸ்திரிப் பெட்டி சூடா இருக்கு.

மகள்: அதையா காதுல வெச்சுப் பேசப் போற? வா இங்க.

அம்மா: வணக்கம்மா. பெரிசா ஒண்ணும் இல்லை. இவ ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் ஊரைக் கூட்டுவா.

கஸ்டமர் கேர்: பரவாயில்லை மேடம். நீங்க அமுக்கிக் குடுத்த விவரமெல்லாம் பாத்துட்டேன். இந்தக் கனெக்‌ஷன் உங்க பேர்லதானே இருக்கு?

மகள்: அதைத்தாங்க சொல்றோம். எங்கம்மா பேரை வெச்சு எவனோ வாங்கியிருக்கான்.

கஸ்டமர் கேர்: அப்படின்னா இப்பவே லைனை நிறுத்திடலாம். நிறுத்தட்டுமா?

அம்மா: ஐயோ, வேண்டாம்!

மகள்: என்ன வேண்டாம்?

அம்மா: இல்லை... திடீர்னு நிறுத்தினா... பாவம், ஏதாவது ஆத்திர அவசரத்துல இருந்தா?

மகள்: யாரு? திருடனா?

கஸ்டமர் கேர்: நம்பரோட கடைசி நாலைச் சொல்றேன். தெரிஞ்சவங்களான்னு பாருங்க. ஏழு, ஏழு, ஒண்ணு, நாலு.

அம்மா: தெரியாது.

மகள்: கடைசியில நாலா?

அம்மா: என்னடி, இவ்வளவு நேரம் வாய் மூடலை. இப்ப ஏன் முழிக்கிற?

மகள்: ஒண்ணுமில்லை. வெச்சுடலாம்மா.

கஸ்டமர் கேர்: மேடம், அந்த போன்ல இருந்து யார்யாருக்குப் பேசியிருக்காங்கன்னு விவரம் அனுப்பட்டுமா? உங்க பேர்ல இருக்கறதால நீங்க கேக்கலாம். ஆளைக் கண்டுபிடிக்க சுலபம்.

மகள்: அதெல்லாம் வேண்டாங்க!

அம்மா: ஏன் வேண்டாம்?

மகள்: நீதானே விடு, விடுன்ன...

அம்மா: நான் சொன்னது வேற. இரும்மா ஒரு நிமிஷம்... அந்த போன்ல பேசறாங்களா? நல்லா ஓடுதா?

கஸ்டமர் கேர்: தினமும் பேசறாங்க மேடம்.

அம்மா: தினமுமா...

மகள்: அம்மா, அது யார் நம்பர்னு உனக்குத் தெரியும்.

அம்மா: உனக்கும்தான் தெரியும். மூஞ்சியே சொல்லுதே.

மகள்: முதல்ல நீ சொல்லு.

அம்மா: உங்கப்பா நம்பர். போதுமா? நம்ம ரெண்டு பேரையும் விட்டுட்டுப் போன ஆளு, என் பேர்ல வாங்கின போனை மட்டும் மறக்காம எடுத்துட்டுப் போனார்.

மகள்: அதுக்கு நீ பில் கட்டுவியா? அந்த மனுஷனுக்கா?

அம்மா: ஆசையிலயா கட்டினேன்? வைராக்கியத்துல கட்டினேன்டி. ஒருநாள் வாசல்ல வந்து நின்னு, 'கூப்பிடணும்னுதான் நினைச்சேன், போன் இல்லை'ன்னு சொல்லிடக் கூடாது. அந்தச் சாக்கை மட்டும் நான் குடுக்க மாட்டேன். இப்ப நீ சொல்லு. அந்த நம்பரை நான் உன்கிட்ட குடுத்ததே இல்லை.

மகள்: கேக்காதம்மா.

அம்மா: பேசுறாரா?

மகள்: ...ம்.

அம்மா: உன்கிட்டயா?

மகள்: நான் மருந்துக் கடையில வேலைக்குச் சேர்ந்ததுல இருந்து. கடை நம்பரைத் தேடிப் பிடிச்சுக் கூப்பிட்டார். உன்கிட்ட சொன்னா நீ தாங்க மாட்டேன்னு...

அம்மா: வயிறு எரியுதுடி. என்னைக் கூப்பிடலைங்கறதுக்கு இல்லை. தினமும் என் எதிர்ல உக்காந்து சாப்பிட்டுட்டே மறைச்சியே, அதுக்கு.

மகள்: நீ மட்டும் மறைக்கலையா?

அம்மா: சரி, போகட்டும். என்கிட்ட பேசலைன்னா என்ன, பெத்த பொண்ணுகிட்ட பேசியிருக்கார். நான் வெந்து சம்பாதிச்ச காசு வீணாப் போகலை. உனக்கு அப்பான்னு ஒரு குரலாவது கிடைச்சிருக்கு. ...ஏம்மா, லைன்ல இருக்கியா?

கஸ்டமர் கேர்: இருக்கேன் மேடம். மோசடின்னு பதிவு பண்ணட்டுமா?

அம்மா: மோசடியெல்லாம் இல்லை தாயி. வீட்டு ஆள்தான். எப்பவும் போல பணத்தை எடுத்துக்கோங்க.

மகள்: வேண்டாம்மா. மோசடின்னே எழுதச் சொல்லு.

அம்மா: ஏன்டி? பாசமாத்தானே பேசறார்?

மகள்: மாசத்துக்கு ஒரு தடவைதாம்மா என்னைக் கூப்பிடுவார். 'பில் கட்டக் காசில்லை, லைனைக் கட் பண்ணிடுவாங்க, அப்புறம் உன் குரலைக் கூடக் கேக்க முடியாது'ன்னு அழுவார்... நானும் ஒவ்வொரு மாசமும் பணம் அனுப்பிட்டு இருக்கேன்.