முடி வைத்த மோதிரம்

பெப்ரவரி மாதம், பின்னேரம் ஆறரை. நன்றாக இருட்டிவிட்டது. ஸ்காபரோவுக்கு வடக்கே, பனி மூடிய வயல்களுக்கு நடுவே ஒற்றைத் தெரு... முன்னாலும் கார் இல்லை, பின்னாலும் இல்லை. என் நண்பன் றோயின் பெரியப்பா வாகீசன் தனியாக ஓட்டிக்கொண்டிருந்தார். நம்பாதவர்கள் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள்.

காருக்குள் முடி கருகும் நாற்றம். கண்ணாடியை இறக்கினார். போகவில்லை... மகனின் தாலிக்குப் பொன்னுருக்கிய அன்றிலிருந்து இந்த நாற்றம் அவரை விடவேயில்லை.

வாகீசனுக்குப் பிளாசாவில் நகைக்கடை. கிறிஸ்மசுக்கு முன் ஒரு வெள்ளைக்காரக் கிழவி மோதிரம் ஒன்றை விற்றாள். கறுப்புக் கல், பக்கத்தில் கண்ணாடிக்குள் சுருட்டிய பழுப்பு முடி. அவள் இங்கிலாந்தின் யோர்க்‌ஷயர்காரி. நம் ஸ்காபரோவுக்குப் பெயர் கொடுத்த ஊர் அங்கேதான் இருக்கிறது. அந்தக் காலத்தில் அங்கே செத்தவரின் முடியைப் பொன்னில் பதித்து, இருப்பவர் போட்டுக்கொள்வார்களாம்.

மறுநாளே கிழவி திரும்பி வந்து மோதிரத்தைக் கேட்டாள். விற்றது விற்றதுதான் என்று கத்தி, வாகீசன் கதவைக் காட்டினார்.

கிழவி அழவில்லை. முறைத்தாள். "அந்தப் பொன், முடி இல்லாமல் இருக்காது" என்றாள். போய்விட்டாள்.

தை மாதம் அவருடைய மகன் மிதுனனுக்குக் கலியாணம். தாலிக்காகப் பொன்னுருக்கும் நாளில், பவுண் காசு போட வேண்டிய இடத்தில் வாகீசன் அந்த மோதிரத்தைப் போட்டார். கல்லும் முடியும் குப்பைக்குப் போயின.

"உந்த மோதிரத்தைத் தாலிக்குப் போடாதையுங்கோ" என்றாள் மனைவி ரதி.

"பவுணும் இங்கிலாந்துப் பொன், உதுவும் இங்கிலாந்துப் பொன். சும்மா இரும்!"

உருகும்போது உஸ்ஸ் என்றொரு சத்தம்... கற்பூர வாசத்தையும் மீறி அந்த நாற்றம். மிதுனன் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தான். கலியாணத்துக்கென்று முன்முடியின் நுனிக்கு நீலச் சாயம் பூசி, தகப்பனிடம் ஏச்சு வாங்கிய பிள்ளை அவன்.

இப்போது அந்தத் தாலியைத் திருப்பிக் கேட்கத்தான் மகன் வீட்டுக்குப் போகிறார். வெட்கம் பிடுங்கித் தின்றது. எந்த மாமன் மருமகளிடம் தாலியைக் கழற்றித் தா என்று கேட்பான்?

கேட்க வேண்டியிருக்கவில்லை. கதவைத் திறந்ததுமே மருமகள் துர்க்கா, "மாமா, தாலியில என்னவோ சிக்கியிருக்கு. இழுக்க வருகுதில்லை" என்றாள்.

அவர் குனிந்து பார்த்தார். சிக்கவில்லை. பொன்னுக்குள்ளிருந்து வந்திருந்தது. ஒரு முடி.

"மிதுனன் எங்கை பிள்ளை?"

"பிறம்ரன்ல வேலை முடிஞ்சு வாறார். போன்தான் எடுக்கிறாரில்லை."

நாற்றம் சட்டென்று நின்றுவிட்டது. வாகீசன் முடியை வெளிச்சத்தில் பிடித்தார்.

கறுப்பு... நுனி மட்டும் நீலம்.